தாயக்கட்டையில் ஒரு அசாயே போர்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நெப்போலியன் காலத்துப் போர்களை மேசைமேல் விளையாடுகிறவர்கள் ஐரோப்பாவில் நிறையப் பேர் உண்டு. விரலளவு வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூசி, அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டுவார்கள். 1824இல் பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கே இப்படி ஒரு விளையாட்டை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்.

ஆலங்காயத்தில் பொம்மைக்கு எங்கே போவது? நானும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நண்பரும் சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, தீக்குச்சி வைத்தே ஆடுகிறோம். பொத்தான் கம்பெனிப் படை, புளியங்கொட்டை மராட்டியர், தீக்குச்சி பீரங்கி, நீல ரிப்பன் ஆறு. பகடைக்குத் தாயக்கட்டை.

நாங்கள் ஆடுவது 23.9.1803இல் நடந்த அசாயே போர். இடம் இன்றைய மகாராஷ்டிராவில் ஜால்னா மாவட்டம். கம்பெனிப் படைக்குத் தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லி. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெல்லிங்டன் இவர்தான். எதிரே சிந்தியாவின் படையும் போன்ஸ்லேயின் படையும். நூறுக்கு மேல் பீரங்கிகள்.

கைத்னா ஆற்றைக் கடக்க வழியில்லை என்றார்கள் வழிகாட்டிகள். இரு கரையிலும் எதிரெதிரே இரண்டு ஊர்கள் தெரிந்தன. அப்படியானால் நடுவில் இறங்கிப் போகத் துறை இருக்கத்தான் வேண்டும் என்று ஊகித்தார் வெல்லெஸ்லி. துறை இருந்தது, தடுக்க ஆள் நிற்கவில்லை. எங்கள் விளையாட்டில் நண்பர் அந்த இடத்தில் முதலிலேயே நாலு புளியங்கொட்டையை நிறுத்திவிடுவார். வெல்லெஸ்லி கதை அங்கேயே முடிந்துவிடும்!

கம்பெனிப் பக்கம் 428 பேர் மாண்டார்கள், 1,138 பேர் காயம்பட்டார்கள். 98 பீரங்கிகளைப் பிடித்தார்கள். தம் போர்களில் சிறந்தது அசாயேதான் என்று வெல்லிங்டனே பிற்காலத்தில் சொன்னார்.

வெள்ளைக்காரப் படைக்கு வெள்ளைப் பொத்தான், சிப்பாய்க்குப் பழுப்புப் பொத்தான் என்று வைத்திருந்தோம். ஒருநாள் நண்பர் எண்ணிப் பார்த்துவிட்டு, "சார், பழுப்புதானே அதிகமா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. ஐரோப்பியக் காலாட்படைப் பிரிவுகள் இரண்டே இரண்டு. மீதிக் காலாட்படை முழுவதும் மெட்ராஸ் சிப்பாய்கள், நம் பக்கத்துத் தமிழ், தெலுங்கு, உருது பேசியவர்கள். பாடப்புத்தகத்தில் அவர்கள் ஒரு வரிகூட இல்லை.

இன்னொரு செய்தியைச் சொன்னதும் நண்பர் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். அசாயேயில் கம்பெனிப் படையின் வலது பக்கம் நொறுங்கியபோது பாய்ந்து காப்பாற்றியது 19ஆம் பிரிட்டிஷ் குதிரைப்படை. மெட்ராஸ் குதிரைவீரர்களும் அதனோடு சேர்ந்தே பாய்ந்தார்கள்.

மூன்று வருடம் கழிந்தது. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, புதுவிதத் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று மெட்ராஸ் படைக்கு உத்தரவு வந்தது. 10.7.1806 விடியும் முன்பே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் ஆற்காட்டில் இருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து அவர்களை வெட்டிச் சாய்த்தார். எந்தக் குதிரைப்படை? அதே 19ஆம் படை!

வேலூரில் எழுந்தவை அசாயேயில் நின்ற அதே பட்டாளங்கள் அல்ல. ஆனால் படை ஒன்றுதான், மெட்ராஸ் படை. உயிரைக் கொடுத்தபோது தேவைப்பட்டவனின் நெற்றிக்குறி மூன்றே வருடத்தில் குற்றமாகிவிட்டது. வேலூர்ப் புரட்சியைத் தலைப்பாகைச் சண்டை என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்களுக்கு இந்த முன்கதை தெரிவதில்லை.

பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போகும் ஆசிரியர் தம்பி, தங்கைகளே! அகழியையும் கோயிலையும் காட்டும்போது அசாயேயையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போன முன்னோர் கதை ஏதாவது இருந்தால் கீழே எழுதுங்கள். வாசிக்கக் காத்திருக்கிறேன்.