முழு நீராவியும் முழு மூச்சும்

சர்வ பிரயத்தனத்தையும் சொல்ல வேண்டிய இடங்களில் ஆங்கிலேயர் பெரும்பாலும் கருவிகளையும் யந்திரங்களையுமே துணைக்கு அழைத்தனர். கொல்லனின் சம்மட்டியையும் குறட்டையும் சொல்லும் ‘ஹாமர் அண்ட் டாங்ஸ்’ ஆவேசமான சண்டைக்கும் மூர்க்கமான உழைப்புக்கும் உரியது. தொடங்கிய காரியம் தடையின்றி விரையும்போது ‘புல் ஸ்டீம்’ என்பர். கைவசமுள்ள உபாயம் ஒன்றையும் மிச்சம் வையாமல் பிரயோகிக்கும்போது, தேவாலய ஆர்கனின் குமிழ்களையெல்லாம் இழுத்துவிடுவதைச் சொல்வர். ஆனால் மின்சாரம் வருமுன், அந்த ஆர்கன் முழங்குவதற்குத் திரைமறைவில் ஒருவன் ஓயாமல் துருத்தி மிதித்தோ இழுத்தோ காற்றூட்ட வேண்டியிருந்ததென்பதை அத்தொடர் சொல்வதில்லை.

கண்டிச் சீமைக்கு அந்த நீராவி 1867இல் வந்தது. இறம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி வீதம் உயரும் மலைப்பாதையில், முன்னால் ஓர் எஞ்சின் இழுக்கப் பின்னால் மற்றொன்று தள்ள, வண்டி ஊர்ந்து ஏறுகையில், உலைவாயின் அனலில் முகம் வெந்தபடி, வளைவுக்கு வளைவு ஆடும் தட்டில் கால்களை ஊன்றி நின்று நெருப்புக்காரன் அள்ளி எறிந்த எரிபொருளே அந்த வேகத்தின் மூலதனம். 1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போடப்பட்ட ரயில்பாதை, நகரின் வடபுறத்து மஹய்யாவ வழியாகச் சென்றது.

அதற்கு வெகுகாலம் முன்பே, கோப்பித் தோட்டங்களை நாடித் தமிழகத்திலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டையும் காய்ச்சலையும் தாண்டித் தம்புள்ளை, மாத்தளை மார்க்கமாகக் கால்நடையாய் வந்த எம்மவரில், கண்டி நகரை நோக்கியவர்கள் மாத்தளையிலிருந்து வரும் வடக்குச் சாலையில்தான் தம் கடைசி மைல்களைக் கடந்தனர். வழியில் விழுந்தவர்கள் அநேகர். மூட்டையைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் சுமந்து, தம் பிடித்து நடந்த அந்தப் பிரயாணத்தைவிடப் பூரணமான பிரயத்தனத்தை நான் அறியேன்.

ஆங்கிலேயர் காலத்தில் கண்டி மாநகர சபையின் சுத்திகரிப்புப் பணிக்கென்று கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் மஹய்யாவவில் குடியமர்ந்தன. ஊர் கண்விழிக்குமுன் விளக்குமாறும் வண்டியுமாக வீதியில் இறங்கியவர்கள் அவர்கள்; பெரஹரா ஊர்வலத்துக்குத் திரளும் ஜனசமுத்திரம் கலைந்தபின் நகரம் மறுபடி நகரமாவது அவர்களுடைய கைகளால்தான். 1865இல் உருவான அச்சபையின் சரித்திரத்தில் அதன் தலைவர்களுக்கு நிகரான இடம் இவர்களுக்கும் உரியது. மஹய்யாவவின் முதியோர் இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியை இளைஞர்கள் எழுதி வைத்தல் வேண்டும்.