காட்டுக்கோழி இறகும் ஸ்காட்லாந்து மீனும்

பி.காம். படிக்கிறவனுக்கு மீன் தூண்டிலோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இதில் ஏற்றுமதி, தடை, கடத்தல், மாற்றுப் பொருள் எல்லாமே இருக்கிறது. எங்கள் பாடப்புத்தகத்தை விடச் சுவாரஸ்யம் :-)

பிரிட்டனில் கடல் ட்ரௌட் என்று ஒரு மீன். ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கே வரும். பகலில் ரொம்பக் கூச்சம். அதனால் கோடை இரவுகளில், இருட்டில் நின்றுதான் பிடிக்கிறார்கள். இரை புழுவல்ல. தூண்டில் முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. 'ஃப்ளை' என்பார்கள்.

இந்த மீனுக்கென்றே பேர்போன ஒன்று 'டீல், ப்ளூ அண்ட் சில்வர்'. முள்ளின் தண்டில் நூலைச் சுற்றிக்கொண்டு, வாலுக்குப் பொன்னிற ஃபெசன்ட் பறவையின் கழுத்திறகில் சில இழைகளைக் கட்டுவார்கள். உடம்புக்கு வெள்ளிச் சரிகை, அதன்மேல் இடைவெளி விட்டு மெல்லிய வெள்ளி இழை. தொண்டையில் நீல இறகு. மேலே சிறகாகக் கிளுவை வாத்தின் வரிபோட்ட இறகு. முடிச்சுப் போட்டு, தலையில் வார்னிஷ். தண்ணீரில் இழுத்தால் குட்டி மீன் மாதிரி மினுக்கும்.

சிலர் இதோடு நிறுத்துவதில்லை. இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு சின்ன இறகு வைப்பார்கள். மெழுகு சொட்டியது போல மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு புள்ளி. அதுதான் மீனின் 'கண்'. அந்த இறகு நம் ஊர்க்காரருடையது!

முதுமலைப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் சாம்பல் நிறக் காட்டுக்கோழிச் சேவலைப் பார்த்திருப்பீர்கள். தென்னிந்தியக் காடுகள்தான் அதன் முக்கிய வீடு. 1813-ல் டெம்மிங்க் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, இந்தியாவில் பயணம் செய்த பிரெஞ்சுக்காரர் சொன்னெராவின் பெயரைச் சேர்த்தார். கழுத்திறகின் தண்டே நுனியில் தட்டையாகி விரிவதால்தான் அந்தப் பளபளப்பு. சாயம் பூசி வராது. அதுவும் வருஷம் முழுக்க இருக்காது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் அதை உதிர்த்துவிடும்.

விக்டோரியா காலத்தில் இறகு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. பெரிய வாடிக்கையாளர்கள் சீமாட்டிகளின் தொப்பிகள், தூண்டில்காரர்கள் சில்லறைதான். 1902-ல் இந்திய அரசு காட்டுப் பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. வாங்கும் இடத்தில் கதவு திறந்திருக்க, விற்கும் இடத்தில் மட்டும் பூட்டினால்? கடத்தல் நடந்தது. பிரிட்டன் தன் பக்கம் இறக்குமதிக்குச் சட்டம் போட்டது 1921-ல்தான். பத்தொன்பது வருஷத் தாமதம்! எனக்கு இதுதான் கோபம். பாவம் முழுவதும் தொப்பிக்கே என்று எழுதிவிடுகிறார்கள். தொப்பி ஃபேஷன் போய்விட்டது, தூண்டில்காரர் ஆசை போகவில்லை.

இத்தனைக்கும் ஆற்றுக்குத் திரும்பிய கடல் ட்ரௌட் பெரிதாகச் சாப்பிடுவதே கிடையாது. கும்மிருட்டில் அந்தப் புள்ளி அதன் கண்ணில் படுகிறதா என்று மீனைத்தான் கேட்க வேண்டும். நம்பிக்கை முழுக்க கம்பைப் பிடித்திருக்கிறவருக்குத்தான் என்று தோன்றுகிறது.

இன்று இந்தியாவில் இந்தச் சேவலை வேட்டையாடுவது குற்றம். பிரிட்டனில் பண்ணையிலேயே வளர்த்து, இறகோடு கழுத்துத் தோலை விற்கிறார்கள். விலை கூடுதல்தான். கட்டுப்படியாகாதவர்களுக்குப் பிளாஸ்டிக்கில் அச்சடித்த புள்ளி கிடைக்கிறது. மீன் அதையும் கடிக்கிறதாம்.