ஊறுகாய்ப் பொட்டலமும் பசி நரம்பும்: மிகையுணவு, குடி, மூளை குறித்துத் திருவாரூரிலிருந்து சில ஐயங்கள்

அரசு மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறக்கும். திருவாரூரை ஒட்டிய ஏதாவதொரு கிராமச் சாலையில் பதினொன்றே முக்காலுக்குப் போய் நின்றால் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிளில் வந்தவர் அலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கத்துத் தள்ளுவண்டியில் அவருக்காக அவித்த முட்டையும் போட்டி வறுவலும் சூடாகிக்கொண்டிருக்கும். இன்னொருவர் வரப்பிலிருந்து நேராக வந்தவர். முழங்கால் வரை சேறு காய்ந்திருக்கும். அவர் கையில் இருப்பது ஒரு சின்ன ஊறுகாய்ப் பொட்டலம். இருவர் கண்ணும் கடையின் ஷட்டர் மீதுதான்.

மிகையுணவையும் குடியையும் ஒரே மூளைச் சுற்றின் இரண்டு வெளிப்பாடுகளாகக் காணும் நரம்பியல் இன்று வலுவாக நிலைபெற்றுவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நரம்பியல் முதலாமவரைத்தான் நன்றாக விளக்குகிறது. இரண்டாமவர் அதன் சோதனைக்கூடத்துக்குள் நுழைந்ததே இல்லை என்பதும், காவிரி டெல்டாவின் மருத்துவமனைகளுக்கு அதிகம் தேவைப்படுவது அவரைப் பற்றிய அறிவுதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில், நிலைபெற்றுள்ள அறிவைப் பார்ப்போம். 1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்கம்பி செருகி, எலியே நெம்புகோலை அழுத்தி மின்தூண்டல் பெறும்படி செய்தார்கள். எலி ஓயாமல் அழுத்தியது. பின்னால் வந்த சோதனைகளில், பசித்த எலிகள்கூட எதிரே இருந்த தீனியை விட்டுவிட்டு நெம்புகோலையே நாடின. இந்தக் கடைசிச் செய்தியைப் பாடநூல்கள் ஒரு வேடிக்கைபோலச் சொல்லிக் கடந்துவிடும். நமக்கு அது பிறகு வேண்டியிருக்கிறது.

1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களை அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் அவை துடித்தன. சாறு வரும் முன் ஒரு சமிக்ஞை காட்டிப் பழக்கிய பிறகு, துடிப்பு சாற்றிலிருந்து சமிக்ஞைக்கு இடம் மாறிவிட்டது. சமிக்ஞை வந்தும் சாறு வராவிட்டால், துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுந்தது. ஷட்டர் தூக்கும் சத்தத்துக்குக் காத்திருப்பவரின் மூளையில் நடப்பதும் ஏறக்குறைய இதுவே: சரக்கு நாவில் படுவதற்கு வெகுமுன்பே டோபமின் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆண்டில் சில நாட்கள் கடை மூடியிருக்கும். திருவள்ளுவர் நாளும் அவற்றில் ஒன்று. முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கீழ்விழும் துடிப்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிஜ் இதில் ஒரு நுட்பமான பிரிவினை செய்தார். வேண்டுவது வேறு, ருசிப்பது வேறு. டோபமின் வேட்கைக்கு உரியது. இன்பத்தில் பெரும்பங்கு மூளையின் சொந்த அபினி போன்ற வேதிப்பொருட்களுக்கு உரியது. பழக்கம் முற்ற முற்ற வேட்கை வளரும், ருசி வளராது. “புடிக்கல சார், ஆனா விட முடியல” என்று குடிநோயாளிகள் சொல்வதைப் பாசாங்கு என்று எண்ணும் உறவினர்கள் இந்த ஒரு பிரிவினையையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

குடியும் தீனியும் நேரடியாகச் சந்திக்கும் இடத்தை 2017இல் இலண்டன் ஃபிரான்சிஸ் கிரிக் நிறுவன ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹைப்போதலாமஸில் ஏஜிஆர்பி எனப்படும் நரம்பணுக் கூட்டம் உண்டு. உடல் பட்டினியில் இருக்கும்போது விழித்து, உணவைத் தேடச் சொல்வது அதன் வேலை. சுண்டெலிகளுக்கு மூன்று நாள் மது ஊசி போட்டபோது அவை வழக்கத்தைவிட அதிகம் தின்றன. அந்த நரம்பணுக்களை முடக்கியதும் மிகைத்தீனி நின்றது. மது வாய் வழியாகப் போகவில்லை. ஆகவே சுவையோ கூட்டாளியோ காரணமில்லை. வயிறு நிரம்பியிருந்தாலும் மது பட்டினிச் செய்தியைக் கிளப்பிவிடுகிறது. முதலாமவரின் போட்டி வறுவல் வெறும் ‘தொட்டுக்க’ அல்ல என்பது இதனால் விளங்கும். குடி தானே கூப்பிட்டு வரவழைக்கும் விருந்தாளி அது.

இதிலிருந்து ‘உணவும் ஒரு போதையே’ என்ற முடிவுக்குத் தாவுகிறவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. 2001இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மிகுந்த பருமன் கொண்ட 10 பேரின் மூளையில் டோபமின் ஏற்பிகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். குடிநோயாளிகளிடமும் அப்படியொரு குறைவு காணப்பட்டிருந்ததால் ஒப்புமை பிரபலமாயிற்று. ஆனால் பருமன் உள்ளோரிடம் பிறகு நடந்த அளவீடுகள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம்-5 கையேடு (2013) குடியையும் சூதாட்டத்தையும் ஒரே இயலில் வைத்தது. கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாற்றை உணவுக் கோளாறுகள் என்ற வேறு இயலில் வைத்தது. பரிமேலழகர் வைப்புமுறையில் குறளின் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி உணவின் அளவைப் பற்றியதுதான். மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆயினும் முதல் இரண்டும் விலக்க வேண்டியவை, மூன்றாவது அளந்துகொள்ள வேண்டியது. சோற்றைத் துறக்க முடியாது என்ற எளிய வேறுபாட்டை ‘உணவு போதை’ என்ற சொற்சேர்க்கை மறைத்துவிடுகிறது. வள்ளுவர் நரம்பியல் அறிந்தவர் என்று கூத்தாட நான் வரவில்லை. வகைப்பாட்டில் அவரும் டிஎஸ்எம்மும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள், அவ்வளவே.

அடுத்த ஐயம் எண்களிலிருந்து வருகிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் மது அருந்துவோர் 25.4 விழுக்காடு, பெண்களில் 0.3 விழுக்காடு. மிகை எடை உள்ளவர்களோ பெண்களில் 40.4, ஆண்களில் 37 விழுக்காடு. சுற்று ஒன்றேயானால், பெண்களின் மூளை தீனியில் சறுக்கிக் குடியில் மட்டும் சறுக்காமல் நிற்பது எப்படி? மதுக்கடை வாசலில் ஒரு பெண் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்பதை எந்த மூளை ஸ்கேனும் காட்டாது. சுற்று எல்லோருக்கும் உண்டு. எந்தச் சமிக்ஞை அதை மீட்டலாம் என்பதைத் தெருவும் வீடும் கூலியும் முடிவு செய்கின்றன.

இனி ஊறுகாய்ப் பொட்டலக்காரர். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி, அதில் சாராயச் சத்து 42.8 விழுக்காடு. கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் தூய மது. கிராமுக்கு 7 கலோரி வீதம் ஏறக்குறைய 425 கலோரி. அதாவது 300 கிராமுக்கு மேற்பட்ட சோறு, ஒரு முழுத் தட்டு. வெயிலில் களையெடுத்தோ மூட்டை தூக்கியோ வந்தவருக்கு இந்தக் கலோரி உடனே கிடைத்துவிடுகிறது. கையில் மீதிக் காசும் இருக்காது. வீட்டுக்குப் போனால் சோறு அப்படியே இருக்கும். “பசியில்லை” என்று பாயை விரித்துவிடுவார். ஏஜிஆர்பி நரம்பு கூவினாலும் பதில் சொல்ல அருகில் வறுவல் இல்லை. மாதங்கள் போகப்போக நெம்புகோலை விடாத அந்தப் பசித்த எலியின் கதை மனிதக் கதையாகிறது. கிரிக் நிறுவனச் சுண்டெலிகளுக்கு முன்னால் தீனி எப்போதும் இருந்தது என்பதை மறந்துவிட்டு அந்த முடிவை இவர்மீது ஏற்றுவது பிழை.

இங்கே நெல்லின் கதையும் சேர்கிறது. நெல்லின் தயமின் என்னும் பி1 வைட்டமின் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. பச்சரிசியாகத் தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். ஊறவைத்து அவித்தால் ஓரளவு உள்ளே இறங்கி அரிசியில் தங்கும். சென்னை மாகாணத்தில் பெரிபெரி நோய், பச்சரிசி உண்ட வட சர்க்கார் பகுதிகளில் பரவியிருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரிதும் தப்பின. குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வாளர் மக்காரிசனும் அவருக்குப் பின் அய்க்ராய்டும் இதையெல்லாம் ஆராய்ந்தார்கள். டெல்டாவின் குதிரில் கிடந்த புழுங்கல் நெல், அந்த அளவில், ஊரின் நரம்பைக் காத்தது.

அந்தக் காப்பை மது இரண்டு பக்கமும் அறுக்கிறது. சோற்றின் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. கொஞ்சம் உண்ட சோற்றிலிருந்தும் தயமினைக் குடல் உறிஞ்ச விடுவதில்லை. உடலின் சேமிப்போ சில வாரங்களுக்குத்தான். அது தீர்ந்தால் கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும், மனம் குழம்பும். 1881இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த மூளை நோய் இது. கவனிக்காமல் விட்டால் நினைவே நிலையாக அழியும். தள்ளாட்டமும் குழறலும் போதைக்கும் உரியவை என்பதால், “இன்னும் தெளியல” என்று ஓரமாகப் படுக்கவைத்துவிடுவது எளிது. குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் ஊசி போட வேண்டும் என்பது மருத்துவப் பாலபாடம். குளுக்கோஸை எரிக்கத் தயமின் வேண்டும் என்பதால், வரிசை மாறினால் இருக்கும் சொற்பமும் தீரும்.

1987 முதல் இம்மாநிலத்தில் கள்ளுக்குத் தடை. 2003 முதல் சில்லறை விற்பனை முழுதும் டாஸ்மாக் கையில். ஆகவே பீரையும் ஒயினையும் விட்டால் கூலிக்காரருக்குச் சட்டப்படி கிடைப்பது 42.8 விழுக்காட்டுச் சரக்குதான்; அதில் வைட்டமின் எதுவும் கிடையாது. கள்ளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எந்தப் பானம் எந்தக் கையில் சேர்கிறது என்பதும் நரம்பியலின் மாறிகளில் ஒன்று.

மருந்துகள் பொதுச் சுற்றை உறுதிப்படுத்தவே செய்கின்றன. அபினி ஏற்பிகளை மறிக்கும் நால்ட்ரெக்சோன் 1994இல் அமெரிக்காவில் குடிநோய்க்கு அனுமதி பெற்றது. 2014இல் அதுவே புப்ரோபியோனுடன் சேர்ந்து பருமனுக்கும் அனுமதி பெற்றது. எடைக் குறைப்புக்குப் பெயர்பெற்ற செமாகுளுடைட், 48 பேரிடம் நடந்த ஒரு சிறு சோதனையில் (2025) குடிக்கும் அளவையும் வேட்கையையும் குறைத்தது. முதலாமவருக்கு இது நல்ல செய்தி. இரண்டாமவருக்குப் பசியைக் குறைக்கும் ஊசி போடுவது எப்படிப்பட்ட வைத்தியம் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். ஏற்கெனவே பசியிழந்து எலும்பும் தோலுமாய் வந்தவரிடம் அந்த ஊசி எஞ்சிய சோற்றையும் பறிக்கும்.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவுமில்லை. டெல்டாவின் புறநோயாளிப் பிரிவுகளில் குடிப்பவரிடம் எவ்வளவு, எத்தனை வருடமாக என்று கேட்டு எழுதுகிறோம். அதே தாளில் கடைசியாக எப்போது சோறு சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்ற இரண்டு வரிகளையும் சேர்க்க வேண்டும். பதிலைக் கூட வந்த மனைவியிடமும் கேட்டு எழுத வேண்டும்.