மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்! விமானத்தில் 1¼ மணி நேரம்தான்

சென்னைக்கு மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? இப்படி கேட்டால் சிரிப்பாங்க. ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை விமான நிலையம் ஆகாய மார்க்கமாக சுமார் 415 கிலோ மீட்டர். யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கிலோ மீட்டர்தான். கோவைகூட இதை விட தூரம். வரைபடத்தில் பார்த்தால் சென்னைக்கு நேர் தெற்கே கோடு போட்ட மாதிரி இருக்கிறது யாழ்ப்பாணம்.

இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். 72 ரகம். இறக்கையில் விசிறி சுழலும் சின்ன விமானம், 70 முதல் 78 பேர் வரை உட்காரலாம். பெரிய ஜெட் அளவுக்கு வேகம் கிடையாது. ஓடுபாதையில் ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து சுமார் 1¼ மணி நேரம் ஆகிறது. இரு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் பல வருஷம் நேரடி விமானம் கிடையாது. 1947-லேயே ஏர் சிலோன் விமானம் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. அப்புறம் போர் வந்தது. பலாலி ராணுவத்தின் கைக்குள் போய் விட்டது.

அதனால் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்ச நஞ்சமல்ல. சென்னையில் இருந்து கொழும்புக்கு சுமார் 645 கிலோ மீட்டர் பறக்க வேண்டும். அங்கே இறங்கி மறுபடியும் வடக்கே 400 கிலோ மீட்டர் பஸ்சிலோ ரெயிலிலோ திரும்பி வர வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். காலையில் சாவு செய்தி வந்தால், முகம் பார்க்க போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்து விடும்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆனது. அடுத்த மாதமே அலையன்ஸ் ஏர் சென்னையில் இருந்து பறந்தது. கொரோனா வந்ததும் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோ வந்தது. 2025 மார்ச் கடைசியில் திருச்சியில் இருந்தும் இண்டிகோ சேவை ஆரம்பித்தது. அது இன்னும் பக்கம், சுமார் 185 கிலோ மீட்டர்.

கையில் காசு குறைவா? நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் திரும்ப ஆரம்பித்தது. சுமார் 4 மணி நேர பயணம். ஆனால் கடல் கொந்தளித்தால் கப்பல் கிளம்பாது.

எதில் போனாலும் பாஸ்போர்ட் கட்டாயம். விசா விதியும் புறப்படும் நேரமும் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் எடுக்கும் முன் விசாரித்துக் கொள்ளவும். பலாலியில் இறங்கினால் யாழ்ப்பாணம் டவுனுக்கு இன்னும் 16 கிலோ மீட்டர் போக வேண்டும். அந்த வண்டிச் செலவுக்கும் இலங்கைப் பணம் கையில் இருக்கட்டும்.