உறைதலும் கசிவும் ஒரே நேரத்தில்: ஸைக்ரிஸ் என்ற மருந்தின் பத்து வருடக் கதை

கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறையணும். அதே உறைதல் உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நடந்தால்?

தீவிர செப்சிஸில் இது நடக்கும். கிருமித்தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல் கட்டுமீறிப் போய்த் தன் உறுப்புகளையே முடக்கும் நிலை அது. நுண்ணிய ரத்தக்குழாய்களில் சின்னச் சின்னதாக ரத்தம் உறைந்து, சிறுநீரகத்துக்கும் நுரையீரலுக்கும் ரத்தம் போவது தடைபடும். உறைய வைக்கும் புரதங்களும் பிளேட்லெட்டுகளும் அதிலேயே செலவாகிவிடும். பிறகு ஊசி குத்திய இடத்தில்கூட ரத்தம் நிற்காது! இதற்கு டிஐசி என்று பெயர். அதை 'டெத் ஈஸ் கமிங்' என்று விரித்துச் சொல்லும் கசப்பான ஜோக் ஒன்று டாக்டர்களிடம் ரொம்ப நாளாக உண்டு.

அப்படியென்றால் உறைதலைத் தடுத்தால் ஆளைக் காப்பாற்றிவிடலாமே? நியாயமான கேள்விதான். நம் ரத்தத்திலேயே உறைதலுக்கு பிரேக் போடும் 'புரோட்டீன் சி' இருக்கிறது. செப்சிஸில் அது குறைந்துவிடும். 1987-ல் பபூன் குரங்குகளுக்கு அதைத் தூண்டப்பட்ட வடிவில் கொடுத்தபோது, உயிரைக் கொல்லும் அளவு கிருமி ஏற்றியும் அவை பிழைத்தன.

எலி லில்லி கம்பெனி அதை மருந்தாக்கியது. 2001-ல் 1,690 நோயாளிகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், மருந்து பெறாதவர்களில் 30.8 சதவீதம், பெற்றவர்களில் 24.7. நூறு பேருக்குக் கொடுத்தால் ஆறு உயிர் மிச்சம். ஐசியூ டாக்டருக்கு இது எவ்வளவு பெரிய எண் தெரியுமா?

ஆனால் அதே ஆய்வில் கடுமையான ரத்தப்போக்கு 2 சதவீதத்திலிருந்து 3.5 ஆனது. ஆய்வின் நடுவிலேயே விதிமுறைகளையும் மாற்றியிருந்தார்கள். அமெரிக்க எஃப்டிஏவின் ஆலோசகர்கள் வாக்களித்தபோது 10-க்கு 10 என்று சமமாகப் பிரிந்தார்கள். இருந்தும் அந்த நவம்பரில், இறப்பு ஆபத்து அதிகமுள்ள பெரியவர்களுக்கு மட்டும் என்று அனுமதி கிடைத்தது. ஒரு நோயாளிக்குச் செலவு சுமார் 6,800 டாலர்.

அதே 2001-ல் ஆன்டித்ராம்பின் என்ற இன்னொரு பிரேக்கை 2,300-க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். இறப்பு 38.9-க்கு 38.7. ஒரு பிரயோஜனமும் இல்லை. என்னைக் கேட்டால், அப்போதே மணி அடித்திருக்க வேண்டும்.

2005-ல், இறப்பு ஆபத்து குறைவான நோயாளிகளுக்கு ஸைக்ரிஸ் பயன் தரவில்லை என்று தெரிந்தது. செப்சிஸ் சிகிச்சை வழிகாட்டிகளை உருவாக்கிய இயக்கத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்தது 2006-ல் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கடைசியில், மறுபடி நிரூபியுங்கள் என்றது ஐரோப்பிய மருந்து முகமை. செப்டிக் ஷாக்கில் இருந்த சுமார் 1,700 பேரிடம் புதிய ஆய்வு நடந்தது. மருந்து பெற்றவர்களில் இறப்பு 26.4 சதவீதம், பெறாதவர்களில் 24.2. அந்த ஆறு உயிரைக் காணோம்! 2011 அக்டோபரில் ஸைக்ரிஸ் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது.

இன்று உங்கள் உறவினர் இந்த நிலையில் ஐசியூவில் இருந்தால் முதல் வேலை, தொற்றை அடிப்பதுதான். சீக்கிரம் ஆன்டிபயாடிக், சீழ் இருந்தால் வெளியேற்றுவது, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது. பிளேட்லெட்டும் பிளாஸ்மாவும் ரத்தப்போக்கு இருந்தாலோ, ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தாலோ, பிளேட்லெட் மிகவும் இறங்கினாலோதான் ஏற்றுவார்கள். "எண்ணிக்கை குறைஞ்சிருக்கே, ஏன் ஏத்தல?" என்று கோபப்படாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

த்ராம்போமாடுலின் என்ற மருந்தை ஜப்பானில் 2008 முதல் டிஐசிக்குக் கொடுக்கிறார்கள். 2019-ல் வந்த பன்னாட்டு ஆய்வில் அது இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஆனாலும் அங்கே அதை விடவில்லை, விவாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.