உடன்வந்த புரதங்கள்

கொள்ளேகாலைச் சூழ்ந்த மலைக்காடுகளில் மழைக்காலத்தில் செங்காந்தள் பூக்கும். 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பு வரை அவ்வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. அப்பழைய மாவட்டத்தின் கிழக்கே, மூலனூர், தாராபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில், அதே கொடி இன்று கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் விதைக்காகப் பயிரிடப்படுகிறது. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலிடம் பெற்ற பூ; அதன் விதையிலும் கிழங்கிலும் இருப்பதோ கோல்சிசின் என்னும் நஞ்சு. மூளை உயிரணுவின் உட்சட்டகத்தை அறிவியல் கண்டுகொண்டது இந்த நஞ்சின் துணையால்தான்.

கோல்சிசின் உயிரணுப் பிரிவை நிறுத்தும் என்பது முன்பே தெரியும். அது எதைப் பற்றிக்கொள்கிறது என்பதே தெரியவில்லை. 1967இல் சிகாகோவில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்கக் குறியிட்ட கோல்சிசினைப் பலவகைத் திசுச்சாறுகளில் கலந்து பார்த்தனர். பிரியும் உயிரணுக்களில் அது பற்றியது எதிர்பார்த்ததே. பிரியாத நரம்பணுக்கள் நிறைந்த மூளையிலும் மிகுதியாகப் பற்றியதுதான் வியப்பு. ஆக்சானின் நீளம் முழுவதும் செல்லும் நுண்குழல்களே அதற்குக் காரணம். அவற்றின் கட்டுமானப் புரதத்திற்கு அடுத்த ஆண்டு ஜப்பானியரான ஹிடியோ மோரி டியூபுலின் என்று பெயரிட்டார்.

1972இல் ரிச்சர்டு வைசன்பர்க் எலிமூளைச் சாற்றிலிருந்த கால்சியத்தைக் கட்டுப்படுத்தி, சோதனைக்குழாயிலேயே நுண்குழல்களை வளரச் செய்தார். இதமான சூட்டில் சேரும், குளிரில் கலையும் என்னும் அவற்றின் இயல்பே பின்னர்த் தூய்மையாக்கும் முறையாயிற்று. ஆயினும் எத்தனை முறை சேர்த்துக் கலைத்தாலும் டியூபுலினுடன் வேறு சில புரதங்களும் விடாமல் உடன்வந்தன. அவற்றை மாசு என்று ஒதுக்குவது எளிதாக இருந்திருக்கும்.

அதற்கு மாறாக, 1975இல் பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னரின் குழு பன்றிமூளைப் புரதத்தைப் பாஸ்போசெல்லுலோஸ் தம்பத்தின் வழியே செலுத்தி இரண்டாகப் பிரித்தது. தனித்த டியூபுலின் அந்தச் சூழலில் குழலாகவில்லை. பிரித்தெடுத்த பகுதியைத் திரும்பச் சேர்த்ததும் குழல்கள் எழுந்தன. அப்பகுதியில் இருந்த புரதமே டாவ். கொதிக்க வைத்தாலும் திரளாமல் கரைந்தே நிற்கும் விந்தையான புரதம் அது. அதே ஆண்டில் ரோஜர் ஸ்லோபோடா குழுவினர், உடன்வரும் பெரும்புரதம் ஒன்றின்மீது பாஸ்பேட் ஏறுவதைக் காட்டினர். இன்று அது எம்.ஏ.பி.-2 எனப்படுகிறது, பெரும்பாலும் டென்ட்ரைட்டுகளில் இருப்பது. டாவின் இடம் ஆக்சான்.

இவ்வரலாற்றில் கொல்கத்தாவுக்கும் பங்குண்டு. 1974இல் அமெரிக்காவில் ஜான் உல்ஃபுடன் பணியாற்றிய பாபதாரக் பட்டாச்சார்யா, டியூபுலினைப் பற்றிய கோல்சிசின் ஒளிர்வதைக் கண்டறிந்தார். கதிரியக்கம் இன்றியே பிணைப்பை அளக்க வழி பிறந்தது. பின்னர்ப் போஸ் நிறுவனத்தில் அவர் குழு ஆட்டுமூளையிலிருந்து டியூபுலினைப் பிரித்தே ஆய்வைத் தொடர்ந்தது. டியூபுலின் சில மணி நேரத்திலேயே கோல்சிசினைப் பற்றும் திறனை இழக்கத் தொடங்கும். கொல்கத்தா வெயிலில் அது எத்தகைய ஓட்டம் என்பதை ஆய்வகத்தில் நின்றோர் அறிவர்.

டாவ் செய்வது என்ன? குழலின் வெளிச்சுவரில் நீளவாக்கில் படிந்து, அடுத்தடுத்த டியூபுலின் இணைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. அதனால் குறைந்த அளவு டியூபுலினும் குழலாகிறது. எழுந்த குழல் எளிதில் உதிர்வதில்லை. நேர்மின் தன்மையுள்ள டாவ், எதிர்மின் தன்மையுள்ள டியூபுலின் பரப்பை நாடுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட் டாவின்மீது ஏறினால் பிடி தளர்கிறது. 1986இல் அல்சைமர் நோயாளரின் மூளை முடிச்சுகளில், அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறிய டாவ் இருப்பதைக் காலித் இக்பால், இங்கே குருண்ட்கே-இக்பால் ஆகியோரின் குழு காட்டியது. மாசு என்று கழிந்திருக்கக்கூடிய புரதம் முதுமையின் பெருநோயொன்றின் மையத்துக்கு வந்தது.

ஆனால் 1975ஆம் ஆண்டுக் கட்டுரை டாவை இன்றியமையாதது என்றது. என் கருத்தில் அச்சொல் சற்று மிகை. டியூபுலின் போதிய செறிவில் இருந்தால், தக்க கரைசலில் டாவ் இன்றியும் குழலாகும். 1994இல் நொபுடாகா ஹிரோகாவாவின் ஆய்வகம் டாவ் அற்ற எலிகளை உருவாக்கியது. அவை பிறந்து வளர்ந்தன. மெல்லிய ஆக்சான்களில்தான் நுண்குழல்கள் குறைந்திருந்தன, எம்.ஏ.பி.-1ஏ என்னும் மற்றொரு உடன்புரதம் கூடியிருந்தது. 2000இல் அதே ஆய்வகம் டாவையும் எம்.ஏ.பி.-1பியையும் ஒருசேர நீக்கியபோதுதான் ஆக்சான்களின் நீட்சியும் நரம்பணுக்களின் இடப்பெயர்ச்சியும் வெகுவாகக் குன்றின.