புண்ணை ஆற்றும் புரதம்

நீரிழிவு நோயாளரின் உள்ளங்காலில் உண்டாகும் புண் பெரும்பாலும் நோவதில்லை. அதுவே அதன் கொடுமை. நோய் நெடுங்காலம் நீடிக்குமிடத்துக் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன. பலருக்குக் குருதியோட்டமும் குன்றிவிடுகின்றது. செருப்பினுட் புகுந்த சிறு கல் நாள் முழுதும் உறுத்தினும் நோயாளி அறியார். 1922ஆம் ஆண்டு ரொறன்ரோ நகரில் இன்சுலின் மருந்து முதன்முதலாக நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதன் பின் நீரிழிவாளர் நெடுநாள் வாழ்ந்தனர். நெடுநாள் வாழ்ந்தமையாற் கால் அழுகலும் பெருகிற்று. 1934இல் பொஸ்ரன் நகர வைத்தியர் எலியட் ஜொஸ்லின் இவ்வபாயத்தைக் குறித்து எச்சரித்து எழுதினார்.

இப்புண்ணுக்கென ஒரு மருந்து பிறந்த கதை விந்தையானது. அதன் மூலப்பொருளைக் கண்டவர்களுள் ஒருவரான றசல் றொஸ் புண்ணுக்கு மருந்து தேடியவரல்லர். அமெரிக்காவின் சியாற்றில் நகரில், நாடிகள் தடிப்பதேன் என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். குரங்கின் நாடியிலிருந்து எடுத்த தசைக் கலங்களை அவரும் துணைவரும் கண்ணாடிக் கலத்தில் வளர்த்தனர். உறைந்த குருதியிலிருந்து வடித்த நீரை ஊட்டியபோது கலங்கள் பல்கின. சிறுதட்டுக்களை முன்னரே நீக்கிய குருதியின் நீரை ஊட்டியபோது அவ்வாறு பல்கவில்லை. குருதி உறையும்போது சிறுதட்டுக்களிலிருந்து ஏதோ ஒரு பொருள் வெளிப்பட்டுக் கலங்களை வளரத் தூண்டுகின்றது என 1974இல் அவர்கள் அறிவித்தனர். உடல் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் வழிகளுள் ஒன்று அவ்வாறு வெளியாயிற்று.

ஒன்பது ஆண்டுகளின் பின் ஓர் அதிர்ச்சி. அப்புரதத்தின் அமைப்பை ஆராய்ந்த இரு குழுவினர், அது குரங்கிற் புற்றுநோயை விளைக்கும் ஒரு வைரசின் பரப்புரிமை அலகு ஆக்கும் புரதத்தை மிக ஒத்திருப்பதை 1983இல் கண்டனர். ஆற்றுவதும் கலங்களை வளர்ப்பதே. புற்றாக்குவதும் கலங்களை வளர்ப்பதே. இவ்வொற்றுமை பின்னாளில் அம்மருந்தை நிழல்போற் தொடர்ந்தது.

மனிதப் பரப்புரிமை அலகை மதுவத்தினுட் புகுத்தி இப்புரதத்தை ஆக்கினர். பெக்காப்ளெர்மின் எனப் பெயர் பெற்ற அது, களிம்பாக 1997 டிசம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. வைத்தியர் எழுதிக் கொடுத்தாலன்றி வாங்க இயலாதது. விலையும் மிக அதிகம். நாளுக்கு ஒரு முறை மெல்லிதாகத் தடவி, உப்புநீரில் நனைத்த துணியால் மூடிப் பன்னிரண்டு மணி நேரத்தின் பின் கழுவ வேண்டும். குருதியோட்டம் போதிய அளவு உள்ள காலுக்கே அது உரியது. பெரியதோர் ஆய்வில், இருபது வாரத்துள் இக்களிம்பினால் நூற்றுக்கு 50 பேரின் புண் முற்றாக ஆறியது. மருந்தில்லாக் களிம்பைப் பூசியோரில் நூற்றுக்கு 35 பேரின் புண் ஆறியது.

2008இல் பழைய ஐயம் மீண்டது. மூன்று குழாயோ அதற்கு மேலோ களிம்பைப் பயன்படுத்தியோரிடையே புற்றுநோய் மரணம் மிகுதியெனக் கருதி, கறுப்புக் கட்டமிட்ட கடும் எச்சரிக்கையை அமெரிக்க அரசு மருந்தின் மீது பொறிக்கச் செய்தது. அக்கணிப்புக்கு ஆதாரமான மரணங்களோ மிகச் சில. பின்வந்த ஆய்வுகள் அவ்வச்சத்தை உறுதிப்படுத்தாமையால், 2018இல் அக்கட்டம் நீக்கப்பட்டது. எனினும் புற்றுள்ள இடத்தில் இதனைப் பூசலாகாது என்னும் தடை நீங்கவில்லை. அத்தடை தக்கதே.

மருந்தில்லாமலே ஆறிய அந்த 35 பேரை மறத்தலாகாது. இரு சாராருக்கும் புண்ணைச் சீவித் துப்புரவாக்குதலும் காலின் மேற் பாரம் விழாது காத்தலும் ஒரே வகையிற் செய்யப்பட்டன. இப்பாரம் நீக்கும் கலையில் இலங்கைக்கும் ஒரு பங்குண்டு. தொழுநோயாளரின் பாதமும் நீரிழிவாளரின் பாதத்தைப் போலவே உணர்விழப்பது. 1930களில் கொழும்பின் சத்திரசிகிச்சை நிபுணர் மில்றோய் போல் அவர்கள், தொழுநோயாளரின் பாதப்புண்ணைப் பாரிஸ் சாந்தினால் மூடிக் கட்டி ஆற்றினார். சாந்துக்கட்டு பாரத்தைக் கால் முழுவதும் பரப்பிவிடும். நோயாளி நடந்தாலும் புண் நசுங்காது. கொல்லிமலையிற் பிறந்து வேலூரிலே தொழுநோயாளருக்குத் தொண்டாற்றிய போல் பிராண்ட் என்னும் வைத்தியர், 1960களில் லூசியானா மாநிலத்துக்குச் சென்றபோது இம்முறையையும் கொண்டு சென்றார். அங்கே அது நீரிழிவாளரின் கால்களுக்கும் கட்டப்பட்டது.